புக் ஆஃப் ஷேடோஸ் எழுதத் தொடங்குவது: நோட்டு, முதல் தாள்கள், பஞ்சாங்கம், நம்ம ஊர் ஈரம்

குளச்சல்_அலை

விக்காவில் (இங்கிலாந்துல தோன்றின நவீன பேகன் சமயம்) புதுசு. குழு, தீட்சை எதுவும் கிடையாது, தனியாத்தான். சொந்தமா புக் ஆஃப் ஷேடோஸ், அதாவது சடங்கும் குறிப்பும் எழுதி வைக்கிற நோட்டு ஒண்ணு தொடங்கணும். கையில தோல் அட்டை போட்ட, கைக்காகித நோட்டு இருக்கு. முதல்ல என்ன எழுதணும்? தமிழ்லயே எழுதலாமா? இங்கிலீஷ் புத்தகங்கள்ல இருக்கிற எட்டுப் பண்டிகை, திசை, மூலிகை எல்லாம் குமரி மாவட்டத்துக்கு அப்படியே பொருந்துமா? வீடு கடல் பக்கம். பேப்பர் எல்லாம் நமுத்துப் போகுது, அதுக்கும் வழி சொல்லுங்க.

காகித_அண்ணாச்சி

கடைசிக் கேள்விக்கு முதல்ல வாறேன் மக்களே. நோட்டு சரியில்லன்னா உள்ள என்ன எழுதினாலும் ரெண்டு மழை தாங்காது. நமக்கு ஜூன்ல ஒரு மழை, அக்டோபர்ல இன்னொண்ணு. நடுவுல காகிதம் முழுசா காயவே காயாது.

அந்தத் தோல் நோட்டை இப்போ தொட வேண்டாம். கைக்காகிதம் மையைப் பரத்தும், ஈரத்தையும் உறிஞ்சும். தோல் அட்டையில மழைக்காலத்துல வெள்ளைப் பூஞ்சை ஏறி உள்தாளுக்கும் இறங்கும். அதைவிடப் பெரிய குறை, தைச்ச நோட்டுல பக்கத்தை இடம் மாத்த முடியாது. எந்தப் பகுதி எவ்வளவு வளரும்னு தொடக்கத்துல யாருக்கும் தெரியாது. மூலிகைக்கு இருபது பக்கம் ஒதுக்குவோம், நாலோட நிக்கும். சடங்குக் குறிப்பு அறுபது பக்கம் போகும். ஒரு வருஷச் சுற்று முடிஞ்ச பிறகு, மூணு தடவைக்கு மேல பயன்பட்ட தாள்களை மட்டும் அந்தத் தோல் நோட்டுல நிதானமா படியெடுத்துக்கலாம்.

அதுவரைக்கும் தனித்தாள். ஏ5 அளவு, 100 ஜிஎஸ்எம் கனம். ஜெராக்ஸ் தாள் 70, 75 ஜிஎஸ்எம்தான் இருக்கும், எழுத்து பின்பக்கம் தெரியும். ஸ்பைரல், இரும்பு வளைய ஃபைல், ஸ்டேப்ளர் பின் மூணுமே வேண்டாம். உப்புக்காத்துல துருப்பிடிச்சு, துளையைச் சுத்திப் பழுப்பு வட்டம் விழுந்து, தாள் சரியா அந்த இடத்துலயே கிழியும். ஆபீஸ்ல கோப்பு கட்டுற டேக் நூல் போதும். முனை பிளாஸ்டிக்கா இருக்கிறதைப் பாத்து வாங்குங்க, தகர முனையும் துருப்பிடிக்கும். ஓரத்துல இருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உள்ள தள்ளி ரெண்டு துளை. மேலயும் கீழயும் பருத்தித் துணி ஒட்டின கெட்டி அட்டை. துணியை மைதாப் பசையில ஒட்டாதிய. மாவுச்சத்துன்னா ராமபாணப் பூச்சிக்கு விருந்து. ஃபெவிகால் போடுங்க.

பேனா சாதாரண பால்பாயிண்டே நல்லது. ஜெல் மை, மைப்பேனா மை ரெண்டுலயும் பல வகை தண்ணி பட்டா ஓடும். ஒரு வரி எழுதி, ஒரு நாள் விட்டு, ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. பரவினா அந்தப் பேனா இந்த வேலைக்கு ஆகாது.

பேச்சிப்பாறை_நிழல்

அண்ணாச்சி சொன்ன தனித்தாளுக்கு மரபுலயும் நியாயம் இருக்கு. ஜெரால்ட் கார்ட்னர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துலயும், பிறகு மலாயாவில சுங்க அதிகாரியாவும் வேலை பாத்தவர். இங்கிலாந்து திரும்பி அவர் தொடங்கின மரபுலதான் இந்த நூலே வருது. அதுல தீட்சை பெற்றவர் ஆசானுடைய நூலைப் பாத்துத் தன் கையாலயே படியெடுக்கணும், வெளியாருக்குக் காட்டக் கூடாது. 1953இல் தீட்சை பெற்ற டோரீன் வாலியண்டே அந்த நூலின் பெரும்பகுதியைத் திருத்தி எழுதினார். மூலநூலே திருத்தத்துக்கு உட்பட்டதுதான். அதனால நீங்க ஒரு தாளை எடுத்துட்டு வேறொண்ணு வைக்கிறதுல குற்றம் எதுவும் இல்ல.

குழுவுல சேராம ரகசியம் காப்போம்னு சத்தியம் செய்தவங்களுக்கான அந்த நூல் கிடைக்காது, தேடவும் வேண்டாம். தனியாச் செய்யிறவங்க நூல் அவங்களே உண்டாக்குறது. மொழியும் அவங்க மொழிதான். இருட்டுல, மனசு ஒருமுகப்பட்டு நிக்கும்போது சட்டுன்னு வாயில வர்ற மொழியில எழுதுங்க. நமக்கு அது தமிழ்.

முதல் தாள்ல பலரும் “இதைத் திறப்பவன் கண் குருடாகட்டும்” வகைச் சாபத்தைப் படியெடுத்து வைக்காங்க. தயவுசெஞ்சு வேண்டாம். அதே தாள்லதான் ‘யாருக்கும் தீங்கில்லையேல் விரும்பியதைச் செய்’ங்கிற விக்கன் ரீட், அதாவது விக்காவோட அறநெறி வரியை எழுதப் போறோம். சாபம் அதுக்கு நேர் எதிர்.

முதல் தாள்: எதை நம்புறீங்க, எதைச் செய்ய மாட்டீங்க, ஆறேழு வரி. செய்தது மூணு மடங்கா திரும்பும்ங்கிற விதியை எல்லாரும் ஏத்துக்கிறதில்ல. நீங்க ஏத்துக்கிறீங்களா இல்லையான்னு தேதியோட எழுதுங்க. பின்னால மாறினா அதுக்குக் கீழயே புதுத் தேதி போட்டு எழுதலாம்.

ரெண்டாவது, சடங்கு நடக்கிற வட்டத்தைப் போடுற முறை. இதுக்குத்தான் அதிக கவனம் வேணும். மரபுல ஒன்பது அடி விட்டம். வீட்டு அறையில அஞ்சடி போதும், ஆனா எத்தனை அடின்னு தாள்ல இருக்கணும். பெருக்கிச் சுத்தம் செய்தல், ஒரு டம்ளர் தண்ணியில மூணு சிட்டிகை கல்லுப்பு, தூபம், கிழக்குல தொடங்கி வலமா வட்டம், நாலு திசை அழைப்பு, தேவி தேவன் அழைப்பு, வேலை, உணவும் பானமும், நன்றி, திசைகளை அனுப்புதல், இடமா வந்து வட்டத்தைக் கலைத்தல். புதுசா எழுதுறவங்க திறக்குற பாதியை மூணு பக்கம் எழுதி, மூடுற பாதியை விட்டுருவாங்க. சடங்கு நடுவுல தாளைத் தேடி நின்னா கவனம் அறுந்துரும். அதனால மூடுற பாதியை முதல்ல எழுதுங்க.

இந்த ஒரு தாளை மட்டும் பெருசா எழுதணும். எழுத்து உயரம் 7, 8 மில்லிமீட்டர், ஒரு பக்கம் மட்டும். மெழுகுதிரி வெளிச்சத்துல சின்ன எழுத்து தெரியாது, நடுவுல தாளைத் திருப்பப் போனா கைபட்டுத் திரி சாயும்.

பொருளடக்கம் கடைசியில எழுதினாப் போதும்.

குளச்சல்_அலை

சடங்கு முடிஞ்ச பிறகு குறிப்பு எழுதணும்னு சொல்றாங்களே, அதுல என்னென்ன எழுதணும் அண்ணா? “நல்லா இருந்தது”ங்கிறதுக்கு மேல என்ன எழுதன்னு தெரியல.

பேச்சிப்பாறை_நிழல்

நூலோட உயிரே அந்தக் குறிப்புதான் தம்பி. மத்ததெல்லாம் பிறர் சொன்னது, இது மட்டும்தான் உங்களுடையது. ஒரு மாதிரித் தாள் போடுறேன், அளவைப் பாருங்க:

> நாள், நேரம்: வெள்ளி, இரவு 8.40 முதல் 9.15
> திதி: பௌர்ணமி, மறுநாள் காலை 5.50 வரை
> வானம்: மேகம், நிலா தெரியவில்லை. மேற்குக் காற்று பலம்
> நோக்கம்: தேர்வு வரை தினமும் ஒரு மணி நேரம் கவனம் சிதறாமல் படிக்க
> பொருள்: வெள்ளை மெழுகுதிரி 1 (10 செ.மீ.), கிராம்பு 7, கல்லுப்பு 3 சிட்டிகை
> செய்தது: வட்டம் 5 அடி. கிராம்பை ஒவ்வொன்றாகத் திரியைச் சுற்றி வலமாக வைத்து நோக்கத்தை 7 முறை சொன்னது
> தடை: காற்றில் திரி இரண்டு முறை அணைந்தது, ஜன்னல் மூடிய பின் சரி
> அப்போது தோன்றியது:
> 30 நாள் கழித்து:

கடைசி வரிக்கு அஞ்சு வரி இடம் விடுங்க. முக்கால்வாசிப் பேர் நிரப்பாம விடுறது அதைத்தான். நோக்கம் ஒரே வாக்கியத்துல, பின்னால நடந்துச்சா இல்லையான்னு சொல்லக் கூடிய மாதிரி இருக்கணும். “வாழ்க்கை நல்லா அமையணும்”னு எழுதினா 30 நாள் கழிச்சு அந்த இடத்துல எழுத எதுவும் இருக்காது. பலிக்கலன்னா பலிக்கலன்னே எழுதுங்க. பலிச்சதை மட்டும் சேர்த்து வைக்கிற நூலை நம்பி அடுத்த சடங்கைத் திட்டமிட முடியாது.

குறிப்பை அன்னைக்கு ராத்திரியே எழுதணும். விடிஞ்சா நேரமும் வரிசையும் மனசுல தானா ஒழுங்காயிரும்.

எட்டு_டிகிரி

மேல பௌர்ணமி முடியுற நேரம் போட்டிருக்கிறதைக் கவனிங்க, அதுக்குக் காரணம் இருக்கு. திதிங்கிறது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணத்துல 12 டிகிரிக்கு ஒண்ணு. 168 டிகிரியில பௌர்ணமி தொடங்கி 180இல் முடியும். வானியல்படி நிலா முழுமையாகுற நொடி 180 டிகிரிதான். அதனால பஞ்சாங்கத்துல பௌர்ணமி எப்போ முடியுதோ அதுதான் முழுநிலா நேரம். அமாவாசையும் அப்படித்தான், முடியுற நேரமே புதுநிலா. இதுக்கு ஆப் எதுவும் தேவையில்ல. ஆப்ல லண்டன் நேரமோ அமெரிக்க நேரமோ இருந்து ஒரு நாள் தப்பிப் போறதுதான் அடிக்கடி நடக்கு. ஒரே எச்சரிக்கை, திருக்கணிதப் பஞ்சாங்கம் பாருங்க. வாக்கியப் பஞ்சாங்கத்துல சில மணி நேரம் வித்தியாசம் வரலாம்.

முழுநிலா நேரம் விடிகாலை 4 மணின்னா முந்தின ராத்திரியை எடுத்துக்கோங்க. மதியம் 2 மணின்னா அன்னைக்கு சாயங்காலம். எஸ்பட், அதாவது முழுநிலாச் சடங்கு, வருஷத்துக்கு 12 அல்லது 13. எல்லாத்தையும் ஒரே தாள்ல அட்டவணையா முதல்லயே எழுதிட்டா, பிறகு மாசாமாசம் தேட வேண்டாம்.

எட்டு சபத் (வருஷச் சுற்றுப் பண்டிகைகள்): சாவின் (Samhain) அக்டோபர் 31, யூல் டிசம்பர் 21 அல்லது 22, இம்போல்க் பிப்ரவரி 1, ஒஸ்தாரா மார்ச் 20 அல்லது 21, பெல்டேன் மே 1, லிதா ஜூன் 21 வாக்கில், லூனசா ஆகஸ்ட் 1, மேபன் செப்டம்பர் 22 அல்லது 23. தேதியை மாத்தாதீங்க, சூரியன் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா தேதிக்குப் பக்கத்துல இருக்கிற வர்ணனையைப் படியெடுக்காதீங்க. லண்டன்ல கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல வித்தியாசம். நாகர்கோவில் 8 டிகிரி வடக்குல இருக்கு, இங்க அந்த வித்தியாசம் ஒரு மணி நேரத்தை எட்டாது. “இருள் சூழ்ந்து நிலம் உறங்கும் யூல்”னு எழுதி வச்சு டிசம்பர்ல வாசிச்சா, வெளியில வயல் பச்சையா நிக்கும்.

குளச்சல்_அலை

அப்போ யூலைத் தை ஒண்ணுக்கு மாத்திரலாமா? அதுவும் உத்தராயணம்தானே.

எட்டு_டிகிரி

வேண்டாம். நம்ம சங்கராந்தி நட்சத்திரங்களை வச்சு எண்ணுறது, அயன விலகல் (நட்சத்திரக் கணக்குக்கும் பருவக் கணக்குக்கும் உள்ள இடைவெளி) சுமார் 24 டிகிரி. அதனாலதான் சூரியன் உண்மையில வடக்கே திரும்புறது டிசம்பர்லயும், தை பிறக்கிறது ஜனவரி நடுவுலயும் வருது. ரெண்டையும் ஒரே தாள்ல கலந்தா யூலும் சரியா இருக்காது, பொங்கலும் சரியா இருக்காது.

தாளை நெடுக்கா ரெண்டாப் பிரிங்க. இடப்பக்கம் சபத்தின் பெயர், தேதி, மரபுல அதுக்குள்ள பொருள். வலப்பக்கம் அந்த வாரம் நம்ம ஊர்ல கண்ணால பாக்கிறது. லூனசா அங்க முதல் தானிய அறுப்பு. இங்க கன்னிப்பூ அறுப்பு ஆகஸ்ட், செப்டம்பர்ல வரும், அதனால ஓரளவு ஒத்துப் போகும். மேற்குக் கரை மீன்பிடித் தடை ஜூலை 31ஓட முடியும், அடுத்த நாள் விசைப்படகு இறங்குறதும் அந்த வலப்பக்கத்துல எழுத வேண்டியதுதான். இம்போல்க் அங்க வசந்தத்தோட முதல் அறிகுறி. இங்க அது கும்பப்பூ அறுவடைக் காலம், பொருள் நேர்மாறா இருக்கு. அதை மழுப்பாம அப்படியே எழுதுங்க. சாவின் பண்டிகை முன்னோர் நாள். ரெண்டு நாள் தள்ளி நவம்பர் 2 கல்லறைத் திருநாள், மாவட்டம் முழுக்கக் கல்லறையில திரி எரியும்.

கோதையாறு

திசை விஷயத்துல மட்டும் நான் வேற கட்சி. கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு நிலம்னு எழுதினவங்க இங்கிலாந்துல நின்னு எழுதினாங்க. வெயில் வருஷம் முழுக்கத் தெற்கே நிக்கிற ஊர் அது. இங்க ஏப்ரல் இரண்டாம் வாரம் சூரியன் உச்சிக்கு வந்து, செப்டம்பர் தொடக்கம் வரை நடுப்பகல்ல வடக்கேதான் நிக்கும். தெற்கே பாத்தா நெருப்பு எங்க இருக்கு, கடல்தான் இருக்கு. ஆரல்வாய்மொழிக் கணவாயில காத்தாடி சுத்துறது மேற்குக் காத்துல. அதனால வடக்கே மலை, அது நிலம், சரி. தெற்கே நீர், மேற்கே காற்று, உதயம் பாக்கிற கிழக்கே நெருப்பு. கண் முன்னால இருக்கிறதை விட்டுட்டு அட்லாண்டிக்கை மனசுல நினைச்சு நிக்கிறதுல அர்த்தமில்ல.

பேச்சிப்பாறை_நிழல்

கோதையாறு சொல்றது தப்புன்னு சொல்ல மாட்டேன், தனியாச் செய்யிறவங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனா புதுசா வர்றவங்க முதல் வருஷமே மாத்தினா, எந்தப் புத்தகத்துல இருந்து எந்த அழைப்பை எடுத்தாலும் திசை முரண்படும். கத்தி, கோல், கிண்ணம், நிறம் எல்லாம் அதோட பிணைஞ்சிருக்கு. ஒண்ணை நகர்த்தினா எல்லாத்தையும் நகர்த்தணும். முதல் வருஷம் மரபுப்படி. பிறகு மாத்துறதுன்னா ஒரே நாள்ல நாலையும் மாத்தி, ‘இன்ன தேதியிலிருந்து’னு தாள் தலையில எழுதணும். பாதி மாத்தின தாள்தான் ஆபத்து.

நிலத்துக்கு அடையாளமா கிண்ணத்துல மண் வைக்கிறவங்களுக்கு ஒரு சொல். மணவாளக்குறிச்சிக் கருமணலை அள்ளி வைக்காதீங்க. அழகாத்தான் இருக்கும். ஆனா அதுல மோனசைட் உண்டு, மோனசைட்ல தோரியம் உண்டு, கதிரியக்கம் உள்ள பொருள். அதை வீட்டுக்குள்ள கொண்டுவர வேண்டிய அவசியமே இல்ல. தோட்டத்துச் செம்மண் போதும்.

மரிக்கொழுந்து

மூலிகைத் தாளுக்கு வாறேன். ஒரு செடிக்கு ஒரு தாள். தமிழ்ப் பெயர், தாவரப் பெயர், கிடைத்த இடம், தேதி, புத்தகம் சொல்ற பயன், பயன்படுத்தின அளவு, நீங்க கண்டது. தாவரப் பெயரை விட்டுட்டா பின்னால பெரிய குழப்பம் வரும். குந்திரிக்கம்னு கடையில கேட்டா கிடைக்கிறது எல்லாம் ஒரே மரத்துப் பிசின் கிடையாது. பாஸ்வெல்லியா பிசினும் அந்தப் பேர்ல விக்கும், வெள்ளைக் குங்கிலியமும் அந்தப் பேர்லயே விக்கும். வாசனையும் வேற, புகையும் வேற. இங்கிலீஷ் புத்தகம் ஃபிராங்கின்சென்ஸ்னு சொல்றது பாஸ்வெல்லியாவைத்தான். சாம்பிராணி முற்றிலும் வேற மரம்.

மக்வர்ட் தேடி ஆன்லைன்ல காசு கொட்ட வேண்டாம். அது ஆர்டிமிசியா இனம், நம்ம மாசிபத்திரி. தோவாளைப் பூச்சந்தையில கிடைக்கிற மரிக்கொழுந்தும் அதே இனத்துச் செடிதான், வேற வகை. பதிலா வைக்கலாம், ஆனா தாள்ல மரிக்கொழுந்துன்னே எழுதணும், மக்வர்ட்னு எழுதக் கூடாது. கர்ப்பிணிகள் ஆர்டிமிசியா எதையும் உட்கொள்ளக் கூடாதுங்கிறதையும் அதே தாள்ல எழுதுங்க. கிராம்பு நம்ம மலையிலயே விளையுது, பாதுகாப்புச் சடங்குக்குப் புத்தகங்களே சொல்ற பொருள், பதில் தேட வேண்டாம்.

நச்சுச் செடிகளுக்குத் தாளின் மேல்மூலையில சிவப்பு முக்கோணம் போடுங்க. செவ்வரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, எட்டி, குன்றிமணி. அரளியோட எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும், எரிச்ச புகையும் ஆகாது. அழகா இருக்குன்னு குன்றிமணியைப் பைக்குள்ள போட்டு வைப்பாங்க. தோல் உடைஞ்ச விதையைக் குழந்தை மென்னா உயிருக்கே ஆபத்து. இந்த அஞ்சையும் வச்சு எந்தச் செய்முறையும் எழுதாதீங்க, தவிர்க்க வேண்டியதுன்னு மட்டும் எழுதுங்க.

இலையைப் பச்சையா ஒட்டினா அடுத்த வாரமே கறுத்து, எதிர்த்தாளையும் கெடுக்கும். செய்தித்தாளுக்கு நடுவுல வச்சு மேல கனம் ஏத்தணும். முதல் அஞ்சு நாள் தினமும் செய்தித்தாளை மாத்தணும். வெயில் காலத்துல பத்து நாள், மழையில மூணு வாரம். ஒடிச்சா சட்டுன்னு முறியணும், வளைஞ்சா இன்னும் ஈரம் இருக்கு. பிறகும் நேரா ஒட்டாம பட்டர் பேப்பர் உறையில போட்டு உறையை ஒட்டுங்க. வாசனை எண்ணெயைத் தாள்ல சொட்டு விட்டா அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகி எழுத்து ரெண்டு பக்கமும் தெரியும்.

குளச்சல்_அலை

மரிக்கொழுந்து அக்கா, நிழல் அண்ணா, இன்னும் ரெண்டு. தேவிக்குக் கன்னி, தாய், முதியவள்னு மூணு வடிவம் சொல்றாங்க. கன்னியாகுமரி பகவதியைக் கன்னி வடிவமா எழுதலாமா? அப்புறம், வீட்ல யாராவது எடுத்துப் பாத்தா பயந்துருவாங்க. தீபன் எழுத்துல (விக்காக்காரங்க ரகசியமா எழுதப் பயன்படுத்துற எழுத்து) எழுதினா மறைச்ச மாதிரி இருக்குமா?

கோதையாறு

முதல் கேள்விக்கு என் பதில், எழுதலாம். கடல் பாத்து நிக்கிற கன்னித் தேவியைவிட அந்த வடிவத்துக்குப் பொருத்தமா நம்ம மண்ணுல வேற யாரு?

மரிக்கொழுந்து

எனக்கு அதுல உடன்பாடு இல்ல. குமரி அம்மனுக்குத் தன் கதை, தன் நோன்பு, தன் பூஜை முறை எல்லாம் உண்டு. அவ தாயாகி முதியவளாகிற சக்கரத்துல ஒரு படி கிடையாது, என்னைக்கும் கன்னி. அந்த மூணு வடிவ வரிசையில வச்சா அவ கதையே மாறிப்போகும். கும்பிடணும்னா கோயில் முறையில கும்பிடலாம், அதுக்குத் தனித்தாள் வைக்கலாம். இசக்கி, சுடலைக்கும் இதே பேச்சுதான். கொடை நடத்துற குடும்பங்களுக்கு முறையும் உரிமையும் இருக்கு, அவங்க பாடலையோ படையலையோ எடுத்து வட்டத்துக்குள்ள செய்யக் கூடாது. விக்கா பக்கத்துல ‘தேவி’, ‘தேவன்’னு மட்டும் எழுதித் தொடங்கினா ஒரு குறையும் வராது.

பேச்சிப்பாறை_நிழல்

தீபன் எழுத்து 1518இல் அச்சான டிரிதெமியஸ் நூல்ல வந்தது, 24 எழுத்து. தமிழ் ஒலியெல்லாம் அதுல அடங்காது, இங்கிலீஷ்ல மாத்தி எழுதி அதைத் திரும்ப மாத்தணும். சடங்கு நடுவுல வாசிக்கவே முடியாது. அதைவிட முக்கியம், நம்ம ஊர்ல புரியாத எழுத்துல ஒரு நோட்டு கிடைச்சா வீட்டுக்கு முதல்ல தோணுறது செய்வினை, மாந்திரீகம். தமிழ்ல கிராம்பு, நிலா, மழைன்னு எழுதின தாளைப் பாத்து யாரும் அவ்வளவு மிரள மாட்டாங்க. மேலட்டையில நட்சத்திரம் வரையாதீங்க, ‘குறிப்புகள்’னு எழுதுங்க. பிறர் பெயர் எழுதவே எழுதாதீங்க. யாருக்காகச் செய்தாலும் அவங்க கேட்டுக்கிட்டதாலதான் செய்யணும், குறிப்புல முதலெழுத்துகூட வேண்டாம்.

காகித_அண்ணாச்சி

பாதுகாப்புக்கு மிச்சத்தையும் சொல்லிருதேன். காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அஞ்சு லிட்டர் அளவு, உள்ள 50 கிராம் சிலிக்கா ஜெல். எல்லாரும் தவறுற இடம் ஒண்ணு இருக்கு. நமுத்த தாளை அப்படியே டப்பாவுல போட்டு மூடினா ஈரம் உள்ளயே மாட்டிக்கிட்டு, வெளிய வச்சதைவிடச் சீக்கிரம் பூஞ்சை வரும். முதல்ல தாள்களைப் பிரிச்சு ரெண்டு மூணு மணி நேரம் ஃபேன் காத்துல விட்டுட்டுத்தான் மூடணும். மழை விட்டு நல்லா வெயில் அடிக்கிற நாளாப் பாத்துச் செய்யுங்க.

நிறம் மாறுற சிலிக்கா ஜெல் வாங்கினா எப்போ நிறைஞ்சுதுன்னு தெரியும். 110 டிகிரி அவன்ல ரெண்டு மணி நேரம் வச்சா மறுபடி பயன்படும். நீலம் இளஞ்சிவப்பா மாறுற வகையில கோபால்ட் இருக்கு, சமையல் பாத்திரத்துல வறுக்காதிய. ஆரஞ்சு வகையே வாங்குங்க.

வசம்பு ரெண்டு துண்டு துணியில முடிஞ்சு டப்பா ஓரத்துல போடலாம், மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும். ஓலைச்சுவடிக்கே அந்தக் காலத்துல வச்சதுதான். பூச்சியை அண்ட விடாது. கரையானுக்கு அதை நம்பாதிய. டப்பாவைச் சுவரை ஒட்டியோ தரையிலயோ வைக்காம இரும்பு பீரோவுல மேல்தட்டுல வைங்க. உப்புக் கிண்ணத்தை ராத்திரி நோட்டுப் பக்கத்துல விட்டுராதிய. விடியும்போது உப்பு கசிஞ்சு தண்ணியா நிக்கும். பக்கத்துல இரும்புக் கத்தி இருந்தா அதுவும் துருவேறும், அந்தத் துரு தாள்ல ஒட்டினா போகாது.

பூஞ்சை வந்துட்டா மூக்கைத் துணியால கட்டிக்கிட்டு, வெட்டவெளியில, மென்மையான தூரிகையால தாளுக்கு வெளிப்பக்கமாத் தட்டுங்க. ஈரத்துணி போட்டுத் துடைச்சா பூஞ்சை இழைக்குள்ள இறங்கிரும். நேர் வெயில்ல போடாதிய, தாள் நெளியும், மை வெளுக்கும். நிழல்ல காயவிட்டு, கறை ஆழமா இருக்கிற தாளைப் புதுத்தாள்ல படியெடுத்து, பழையதைத் தனி உறையில போட்டு டப்பாவுக்கு வெளிய வைங்க.